மாஸ்டடன், ப்ளூஸ்கை: காசு எப்போது கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது?

"மாஸ்டடன்ல சேர காசு கட்டணுமா?" ட்விட்டரை (இப்போது எக்ஸ்) விட்டு, மாஸ்டடன், ப்ளூஸ்கை போன்ற பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்களுக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்: "அப்ப யார் காசுல ஓடுது?" இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நான் ரொம்ப மதிக்கிறேன். அதைக் கேட்காமலே சேர்ந்தவர்கள்தான் பின்னால் தங்கள் கணக்கு இருந்த சர்வர் மூடியபோது திகைத்து நின்றார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்வதற்குக் காசு கொடுக்காதீர்கள், தங்குவதற்குக் கொடுங்கள். இரண்டு மூன்று மாதம் புழங்கிப் பாருங்கள். இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று தெரிந்தபிறகு, உங்கள் கணக்கு இருக்கும் சர்வரை நடத்துபவருக்குக் கொடுங்கள். அதற்கும் முன்னால் ஏதாவது செலவு செய்வதாக இருந்தால், அது உங்கள் சொந்த டொமைனுக்காக (இணைய முகவரிக்காக) இருக்கட்டும்.

வாசலில் ஏன் கொடுக்கக் கூடாது? இங்கே வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் தங்குவதில்லை என்பது என் அனுமானம். 2019 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது, கோபத்தில் இந்தியர்கள் பலர் மாஸ்டடனில் கணக்குத் தொடங்கினார்கள். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோது இன்னொரு அலை வந்தது. இரண்டு தடவையும் நிறையப் பேர் கொஞ்ச நாளில் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் ஆண்டுச் சந்தா கட்டியிருந்தால் அது வீண்.

முதல் படி: எந்த வாசல், என்ன கட்டணம்

"பரவலாக்கப்பட்ட" என்றால், ஒரே கம்பெனியின் கையில் எல்லாமே இருக்காது என்று பொருள். மாஸ்டடனில் ஆயிரக்கணக்கான சர்வர்கள் உண்டு. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் அல்லது ஒரு குழு நடத்துகிறது. ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் அவை தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. நீங்கள் ஒரு சர்வரில் இருந்துகொண்டு வேறு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். மாஸ்டடனைத் தொடங்கியவர் யூஜென் ரோச்கோ என்ற ஜெர்மனிக்காரர், 2016இல்.

மாஸ்டடன் சர்வர்களில் மிகப் பெரும்பாலானவற்றில் சேர்வது இலவசம்.

ப்ளூஸ்கையும் இலவசம்தான். 2019இல் ட்விட்டருக்குள் ஒரு திட்டமாகப் பிறந்து, பிறகு தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. 2024 பிப்ரவரி வரை அழைப்பு இருந்தால்தான் உள்ளே போக முடியும். இப்போது யாரும் சேரலாம். இங்கே பில்லைக் கட்டுவது முதலீட்டாளர்கள். 2024 அக்டோபரில் மட்டும் 1.5 கோடி டாலர் திரட்டினார்கள். முதலீட்டாளர் காசு ஒருநாள் லாபம் கேட்கும் என்பதை மனதில் வையுங்கள். அதற்காகச் சேராமல் இருக்க வேண்டியதில்லை.

நாஸ்டர், ஃபார்காஸ்டர் என்று வேறு இரண்டு பரவலாக்கப்பட்ட வலைத்தளங்களும் உண்டு. நாஸ்டரில் கணக்கே கிடையாது, ஒரு ஜோடி டிஜிட்டல் சாவிதான் உண்டு. ரகசியச் சாவியைத் தொலைத்தால் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" பட்டன் எதுவும் காப்பாற்றாது. பதிவுகளைச் சேமித்துவைக்கும் ரிலேக்களில் பல இலவசம். சில ரிலேக்கள் ஸ்பேமைத் தடுக்க பிட்காயினின் மிகச் சிறிய துண்டுகளில் கட்டணம் கேட்கும். ஃபார்காஸ்டரின் அமைப்பு வேறு: உங்கள் கணக்கு ஒரு பிளாக்செயினில் (கிரிப்டோ பணத்துக்குப் பயன்படும் பொதுப் பதிவேட்டில்) பதிவாகிறது, சேமிப்பு இடத்துக்கு ஆண்டு வாடகை உண்டு. பெரிய தொகை இல்லை, சில டாலர்கள்தான். ஆனால் வாடகையைப் புதுப்பிக்காவிட்டால், அவகாசம் முடிந்தபிறகு பழைய பதிவுகள் அழியலாம். இந்தியாவில் கிரிப்டோ வாங்கி விற்றால் லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் என்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. சமூக வலைத்தளத்தில் நாலு வரி எழுதுவதற்காக இந்தத் தலைவலியைப் புதியவர் எவரும் ஏற்க வேண்டாம் என்பேன். இந்தக் கட்டுரையின் மீதி முழுவதும் மாஸ்டடனையும், கொஞ்சம் ப்ளூஸ்கையையும் பற்றியதுதான்.

இரண்டாம் படி: இலவசமாகச் சேருங்கள், காரணப் பெட்டியை ஒழுங்காக நிரப்புங்கள்

நுழைவுக் கட்டணத்துக்கு ஆதரவாக ஒரே ஒரு வலுவான வாதம் உண்டு: ஸ்பேம். ஒரு கணக்குக்கு ஒரு டாலர் என்று வைத்துவிட்டால், பத்தாயிரம் போலிக் கணக்கு திறப்பவனுக்குக் கட்டுப்படியாகாது. மெட்டாஃபில்டர் என்ற அமெரிக்கத் தளம் 2004 முதல் சேர்பவர்களிடம் ஒருமுறை மட்டும் 5 டாலர் வாங்கியது, அதில் பலன் கண்டது. மஸ்கும் 2023 அக்டோபரில் நியூசிலாந்திலும் பிலிப்பைன்ஸிலும் புதிதாகச் சேர்பவர்களிடம் ஆண்டுக்கு 1 டாலர் கேட்டுப் பார்த்தார்; கட்டாவிட்டால் படிக்கலாம், எழுத முடியாது.

மாஸ்டடன் உலகம் இதே வேலைக்கு வேறு வழி வைத்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஒரு பெரிய ஸ்பேம் வெள்ளம் வந்தது. கவனிப்பார் இல்லாத, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று திறந்துகிடந்த சிறு சர்வர்களில் எல்லாம் தானியங்கிக் கணக்குகள் முளைத்தன. அதையடுத்து வந்த மாஸ்டடன் பதிப்பில் ஒரு நல்ல மாற்றம் செய்தார்கள். ஒரு சர்வரில் ஒரு வாரமாக மட்டுறுத்துநர் (புகார்களைப் பார்த்து விதிமீறல்களை நீக்குபவர்) யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், புதியவர்கள் சேர்வது தானாகவே "ஒப்புதல் தேவை" என்ற நிலைக்கு மாறிவிடும்.

அதனால் நல்ல சர்வர்கள் பலவற்றில் "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று ஒரு பெட்டி இருக்கும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். "ஹாய்" என்றோ "ஜஸ்ட் லைக் தட்" என்றோ போட்டால் நிராகரிப்புதான் கிடைக்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவும் ஸ்பேமும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டு வரி போதும்: என்ன வேலை செய்கிறீர்கள், எதைப் பற்றி எழுதப்போகிறீர்கள், எந்த மொழியில். "சென்னையில் நர்ஸாக வேலை செய்கிறேன். பறவைகள், தோட்டம் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவேன்" என்று எழுதினால், பெரும்பாலும் ஒரு நாளில் ஒப்புதல் வந்துவிடும். மனிதர் படிக்கப்போகிறார் என்று நினைத்து எழுதுங்கள். நுழைவுக் கட்டணம் என்று ஏதாவது இருந்தால், இந்த இரண்டு வரிதான்.

சேர்ந்ததும் ஹேஷ்டேகுகளைப் பின்தொடருங்கள். 2022 நவம்பரில் வந்த 4.0 பதிப்பு முதல் அந்த வசதி உண்டு. தமிழில் எழுதுபவர்கள் ஒரே சர்வரில் கூடியிருப்பதில்லை, அங்கங்கே சிதறிக் கிடக்கிறார்கள். #தமிழ் என்ற ஹேஷ்டேகைப் பின்தொடர்ந்தால் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் படுவார்கள்.

நடுவில் ஓர் எச்சரிக்கை. யாராவது தனிச்செய்தியில் வந்து "உங்கள் கணக்கை வெரிஃபை செய்யக் கட்டணம்" என்று கேட்டால், அது மோசடி. மாஸ்டடனில் பச்சை டிக் வாங்க, உங்கள் சொந்த இணையதளத்தில் உங்கள் மாஸ்டடன் பக்கத்துக்கு ஒரு குறிப்பிட்ட வகை இணைப்பைச் சேர்த்தால் போதும். காசு கிடையாது. ப்ளூஸ்கை 2025 ஏப்ரலில் நீல டிக் கொண்டுவந்தது; அதையும் விற்பதில்லை.

மூன்றாம் படி: பில் எங்கே வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

500 எழுத்தில் ஒரு பதிவு போட என்ன பெரிய செலவு என்று தோன்றும். எழுத்துக்குச் செலவு இல்லை, படங்களுக்குத்தான். நீங்கள் பின்தொடர்பவர்கள் வேறு சர்வர்களில் போடும் படங்களையும் வீடியோக்களையும் உங்கள் சர்வர் இழுத்துத் தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். ஆட்கள் கூடக் கூட, வட்டு நிரம்பிக்கொண்டே போகும். இதோடு டேட்டாபேஸ், மின்னஞ்சல் அனுப்பும் சேவை, பேக்கப். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு கணக்கில் எங்குமே வராது: புகார்களை ராத்திரி உட்கார்ந்து பார்க்கும் மட்டுறுத்துநரின் நேரம்.

ஹாக்கிடெர்ம் என்ற சர்வரின் கதையை அறிந்தால் இது இன்னும் தெளிவாகும். கிரிஸ் நோவா என்ற மென்பொருள் பொறியாளர் தன் வீட்டு அடித்தளத்தில் இருந்த சொந்த சர்வரில் நண்பர்களுக்காக அதை நடத்திவந்தார். ஆயிரம் பேர்கூட இல்லை. 2022 நவம்பரில் ட்விட்டர் கலக்கத்தில் ஒரே மாதத்தில் ஏறக்குறைய 30,000 பேர் வந்து சேர்ந்தார்கள். வட்டுகள் திணற ஆரம்பித்தன. பதிவுகள் தாமதமாயின, படங்கள் ஏறவில்லை. முதன்மை வட்டுகளே பழுதடைந்துகொண்டிருப்பது பிறகு தெரியவந்தது. தன்னார்வலர்கள் தூக்கம் கெட்டு, படங்களைத் தனிச் சேமிப்புச் சேவைக்கும், மீதியை ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்த சர்வர்களுக்கும் மாற்றினார்கள். அந்த மாதம் சேர்ந்த 30,000 பேரில் எவரும் நுழைவுக் கட்டணம் கட்டவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. 2023 ஆகஸ்டில் கிரிஸ் நோவா மலையேற்ற விபத்தில் இறந்தார். ஒருவர் பெயரில் மட்டும் இருந்த சர்வராக இருந்தால் அதோடு அதுவும் போயிருக்கும். அதற்கு முன்பே நிவென்லி அறக்கட்டளை என்ற அமைப்பை உருவாக்கி, பொறுப்பைப் பலரிடம் பிரித்துவைத்திருந்ததால் ஹாக்கிடெர்ம் தொடர்ந்து ஓடியது. காசு கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பது இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

அபார்ட்மென்டில் மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோமே, கிட்டத்தட்ட அந்த வகைக் காசுதான் இதுவும். மோட்டாரும் வாட்ச்மேனும் லிஃப்டும் எல்லாருக்கும் ஓட வேண்டும்; கட்டுபவருக்குத் தனி லிஃப்ட் கிடைக்காது. ட்விட்டர் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் விற்ற ப்ளூ சந்தா வேறு ரகம். வெப்பில் மாதம் 650 ரூபாய், மொபைலில் 900. கட்டியவருக்கு டிக்கும், பதில்களில் முன்வரிசையும் கிடைத்தன. மாஸ்டடனில் எவ்வளவு கொடுத்தாலும் உங்கள் பதிவு கூடுதலாக நாலு பேர் கண்ணில் படாது. இது பிடிக்காதவர்கள் கொடுக்காமலே இருக்கலாம், தப்பில்லை.

நான்காம் படி: கொடுக்கும் முன் சர்வரைச் சோதியுங்கள்

மூன்று மாதம் ஆகிவிட்டது, பழகிவிட்டது, இப்போது கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. அவசரப்படாமல் சர்வரின் "பற்றி" பக்கத்தைத் திறந்து, ஒரு பழைய பத்திரத்தைப் படிப்பதுபோல் நிதானமாகப் படியுங்கள்.

யார் நடத்துகிறார்கள் என்ற பெயர் இருக்கிறதா? ஒருவரா, பலரா? விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றனவா? அட்மின் கடைசியாக எப்போது ஏதாவது எழுதினார்? ஆறு மாதமாக அட்மின் வாயே திறக்காத சர்வருக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன்.

அடுத்து, மாஸ்டடன் அமைப்பின் "ஜாயின் மாஸ்டடன்" தளத்தில் அந்தச் சர்வர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள் ஓர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட வேண்டும்: வெறுப்புப் பேச்சை மட்டுறுத்த வேண்டும், தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அவசரத்தில் சர்வரைத் தொடக்கூடிய இன்னொருவர் கட்டாயம் இருக்க வேண்டும், மூடுவதாக இருந்தால் குறைந்தது 3 மாதம் முன்பே சொல்ல வேண்டும். பட்டியலில் இல்லாத நல்ல சர்வர்களும் உண்டு, குறிப்பாகச் சின்னவை. அப்போது இதே நாலு கேள்விகளை அட்மினிடம் நேராகக் கேளுங்கள். நல்ல அட்மின் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார்.

மூன்றாவது, கணக்கு வழக்கு. சில சர்வர்கள் ஓப்பன் கலெக்டிவ் என்ற தளத்தில் நன்கொடை வாங்குகின்றன. அதில் வரவு செலவு எல்லாருக்கும் தெரியும். உள்ளே போனால் "பட்ஜெட்" பகுதியில் ஒவ்வொரு வரவும் செலவும் தேதிவாரியாக வரிசையில் நிற்கும். நான் மூன்றைத்தான் பார்ப்பேன்: கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்கு வரும், மாதாமாதம் சர்வர் வாடகைப் பில் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா, வரவு முழுக்க ஒரே ஒருவரின் பெயரில் வருகிறதா. ஒரே ஆள் முக்கால்வாசி கொடுத்துக்கொண்டிருந்தால், அவர் நிறுத்தும் அன்று சர்வர் ஆட்டம் காணும். கையிருப்பு ஏற்கெனவே இரண்டு வருடச் செலவுக்குத் தாங்கும் என்றால், உங்கள் காசு அங்கே அவசரமில்லை. அதை வேறு சின்னச் சர்வருக்குக் கொடுக்கலாம்.

நான்காவது, பலரும் பார்க்கத் தவறுவது: சர்வரின் முகவரி எந்த எழுத்தில் முடிகிறது? குவீர்.ஏஎஃப் என்றொரு மாஸ்டடன் சர்வர் இருந்தது. ".ஏஎஃப்" ஆப்கானிஸ்தானின் டொமைன். 2024 பிப்ரவரியில் தாலிபான் நிர்வாகம் அந்த டொமைனை முடக்கியது. மூடும் எண்ணம் நடத்துபவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது, ஆனாலும் நாள் முன்கூட்டி வந்துவிட்டது. வேறு சர்வருக்கு மாறுவதற்குப் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், அதுவரை மாறாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வேடிக்கையான முகவரிக்காக ஏதோ ஒரு நாட்டின் டொமைனில் உட்கார்ந்திருக்கும் சர்வருக்கு ஆண்டுச் சந்தா கட்டும் முன் ஒரு தடவை யோசியுங்கள்.

பெரிய பெயராக இருந்தால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் மோசில்லா தன் மாஸ்டடன் சர்வரை 2024 டிசம்பரில் மூடிவிட்டது. ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிட்டு மூடியது, அதைச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: முதல் காசு உங்கள் டொமைனுக்கு

இதை ஐந்தாவதாக எழுதியிருக்கிறேன், ஆனால் செலவு வரிசையில் இதுதான் முதல். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கலாம். முதல் வருடம் சல்லிசாகக் கொடுத்து, இரண்டாம் வருடம் விலையை ஏற்றுவது டொமைன் விற்பவர்களின் பழைய வித்தை. புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள்.

ப்ளூஸ்கையில் இந்த டொமைனையே உங்கள் பயனர்பெயராக வைத்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் பயனர்பெயரை மாற்றும் இடத்தில் "என்னிடம் சொந்த டொமைன் இருக்கிறது" என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால், அது ஒரு வரியைக் கொடுக்கும். டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் (டொமைனின் அமைப்புகளை மாற்றும் பக்கம்) அந்த வரியை ஒரு டிஎக்ஸ்டி பதிவாக ஒட்டி, கொஞ்சம் பொறுத்து, சரிபார் பட்டனை அழுத்துங்கள். இதற்கு ப்ளூஸ்கைக்கு ஒரு பைசாவும் கொடுக்க வேண்டியதில்லை. பின்னாளில் உங்கள் தரவை வேறு சர்வருக்கு எடுத்துச் சென்றாலும் பெயர் உங்களோடு வரும்.

மாஸ்டடனில் அவ்வளவு சுலபம் இல்லை. முகவரி சர்வரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். டொமைனில் ஒரு சின்னப் பக்கம் போட்டு, பச்சை டிக் வாங்கி, "இப்போது நான் இங்கே இருக்கிறேன்" என்று எழுதிவைத்தால், சர்வர் போனாலும் தேடி வருபவர்களுக்கு ஒரு விலாசம் இருக்கும்.

ஆறாம் படி: எவ்வளவு, எப்படி அனுப்புவது

தொகையில் கௌரவம் பார்க்க வேண்டாம். ஆண்டுக்கு 10, 12 டாலர் கொடுத்தாலே போதும். கொடுக்க முடியாதவர்கள் கொடுக்காமல் இருக்கலாம். முடிந்தவர்கள் கொடுப்பதே அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்தியாவிலிருந்து அனுப்புவதில்தான் சிக்கல். சர்வர்கள் பெரும்பாலும் பேட்ரியான், லிபராபே, கோ-ஃபை, ஓப்பன் கலெக்டிவ் போன்ற வெளிநாட்டுத் தளங்கள் வழியாகவே வாங்குகின்றன. யுபிஐயை மறந்துவிடுங்கள், கார்டுதான். 2020 அக்டோபர் முதல், புதிதாகக் கொடுக்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்ட நிலையில்தான் வரும். வங்கி ஆப்பில் போய் நீங்களே அதைத் திறக்க வேண்டும். வரம்பை இரண்டாயிரம் ரூபாய்க்குள் வைத்துத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுவது நல்ல பழக்கம்.

மாதச் சந்தா போட்டால் முதல் மாதம் போகும், இரண்டாம் மாதம் நின்றுவிடும். காரணம், 2021 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதி. தானாகக் கழியும் கார்டுத் தொகைக்கு இ-மேண்டேட் என்ற முன் ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும். பல வெளிநாட்டுத் தளங்கள் அந்த முறையில் இணையவில்லை, அதனால் வங்கி மறுத்துவிடும். இதற்கு எளிய வழி, ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுப்பது. அதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தளங்கள் ஒரு நிலையான சிறு தொகையைக் கழிக்கும். மாதம் 1 டாலர் என்று பன்னிரண்டு தடவை அனுப்பினால், பன்னிரண்டு தடவை கழியும்.

வங்கி உங்களிடமும் கழிக்கும். அந்நியச் செலாவணிக் கூடுதல் என்று பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை உண்டு, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 24 டாலர் அனுப்பினால் இந்த வகையில் ஏறக்குறைய 1 டாலர் கூடுதலாகப் போகும். இந்தக் காசுக்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது. இலங்கையிலோ வளைகுடாவிலோ இருப்பவர்களுக்கு விதிகள் வேறு. உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "மாஸ்டடனுக்கு நன்கொடை" என்று மாஸ்டடன் அமைப்புக்கு அனுப்பினால், அது மென்பொருளை எழுதுபவர்களுக்கும், மாஸ்டடன்.சோஷியல் போன்ற அவர்களது சொந்தச் சர்வர்களுக்கும் போகும். உங்கள் கணக்கு வேறு சர்வரில் இருந்தால் அந்த அட்மினுக்கு ஒரு பைசாவும் சேராது. இரண்டும் நல்ல காரியம்தான், ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். இரண்டில் ஒன்று என்றால் நான் சர்வருக்குத்தான் கொடுப்பேன்.

ஏழாம் படி: கட்டணம் கட்டினால்தான் இடம் என்று சொல்லும் சர்வர்கள்

இவை குறைவு, ஆனால் இருக்கின்றன. எனக்கு இவற்றில் கூட்டுறவுகள்தான் பிடிக்கும். கனடாவில் கோசோஷியல் என்ற கூட்டுறவு ஆண்டுக்கு 50 கனடிய டாலர் உறுப்பினர் கட்டணத்தில் மாஸ்டடன் சர்வர் நடத்தத் தொடங்கியது. கட்டுபவருக்கு ஓட்டு உண்டு. டொரண்டோ பக்கம் இருக்கும் தமிழர்கள் பார்த்துவைக்கலாம். சோஷியல்.கூப் என்ற இன்னொன்று 2017 முதல் நடக்கிறது. அங்கே வசதிக்கேற்பக் கொடுக்கலாம். காசுக்குப் பதிலாக முடிவெடுக்கும் உரிமை கிடைக்கிறது என்றால், அந்தக் கட்டணத்தில் நியாயம் இருக்கிறது.

மைக்ரோ.பிளாக் என்பது வேறு மாதிரி. மாதம் 5 டாலருக்கு வலைப்பதிவு இடம் கொடுத்து வளர்ந்த சேவை. உங்கள் டொமைனிலேயே எழுதலாம், மாஸ்டடனில் இருப்பவர்கள் அங்கிருந்தே உங்களைப் பின்தொடரலாம். பின்தொடர்பவர் எண்ணிக்கையையே காட்டாது. நிறைய எழுதுபவர்களுக்கு, விருப்புகளை எண்ணிச் சலித்தவர்களுக்கு இது பொருந்தும்.

கட்டணம் கட்டிவிட்டால் தளம் நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆப்.நெட் இதற்கு நல்ல உதாரணம். 2012இல் டால்டன் கால்ட்வெல் ஆண்டுக்கு 50 டாலர் சந்தாவில், விளம்பரமே இல்லாத ஒரு ட்விட்டர் மாற்றைத் தொடங்கினார். பரவலாக்கப்பட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் "பயனரே காசு கட்டட்டும்" என்ற எண்ணத்தை நேர்மையாகச் சோதித்துப் பார்த்த முயற்சி. பொதுமக்களிடம் 5 லட்சம் டாலர் இலக்கு வைத்துத் திரட்டினார்கள், இலக்கைத் தாண்டி வந்தது. சில மாதத்தில் கட்டணத்தை 36 டாலராகக் குறைத்தார்கள். 2013 பிப்ரவரியில் இலவசக் கணக்கும் கொடுத்தார்கள். 2014 மே மாதம், சந்தாப் புதுப்பிப்பு முழுநேர ஊழியர்களை வைத்துக்கொள்ளப் போதவில்லை என்று அறிவித்தார்கள். 2017 மார்ச்சில் மூடினார்கள். காசு கட்டத் தயாராக இருந்தவர்கள் வந்தார்கள், அவர்களுடைய நண்பர்கள் வரவில்லை. ஆள் இல்லாத இடத்துக்கு அடுத்த வருடம் யார் சந்தா கட்டுவார்கள்?

சொந்தச் சர்வர் ஆசை சிலருக்கு வரும். மாஸ்டோ.ஹோஸ்ட் போன்ற சேவைகள் மாதம் சுமார் 6 டாலரில் தொடங்கி, சின்னச் சர்வரை உங்களுக்காக நடத்தித் தருகின்றன. ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் பெரிய செலவில்லை. ஆனால் மற்றவர்களின் கணக்கு உங்கள் பொறுப்பில் வந்தபிறகு, பரீட்சை நேரம், கல்யாணம், காய்ச்சல் என்று எதற்கும் கடையைப் பூட்ட முடியாது. முதல் வருடத்தில் வேண்டாம்.

எட்டாம் படி: வெளியேறும் வழியைத் தயாராக வையுங்கள்

காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள். மாஸ்டடன் செட்டிங்ஸில் "இறக்குமதி, ஏற்றுமதி" பகுதிக்குப் போங்கள். நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், புக்மார்க் செய்த பதிவுகள் எல்லாம் தனித்தனி சிஎஸ்வி கோப்பாக (எளிய பட்டியல் கோப்பு) இறங்கும். உங்கள் பதிவுகளும் படங்களும் அடங்கிய முழுத் தொகுப்பையும் கேட்டு வாங்கலாம், 7 நாளுக்கு ஒருமுறை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து கணினியில் வைத்துவிடுங்கள்.

சர்வர் மாற வேண்டிவந்தால் வரிசை முக்கியம். முதலில் புதிய சர்வரில் கணக்குத் தொடங்கி, "வேறு கணக்கிலிருந்து வருகிறேன்" என்ற இடத்தில் பழைய முகவரியைப் பதியுங்கள். பிறகு பழைய கணக்குக்குப் போய், "வேறு கணக்குக்கு மாறுகிறேன்" என்பதில் புதிய முகவரியைக் கொடுங்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் தாமாகவே கூட வருவார்கள், கொஞ்ச நேரம் பிடிக்கும். நீங்கள் பின்தொடர்பவர்களை சிஎஸ்வி கோப்பை ஏற்றி மீட்டுக்கொள்ளலாம். பழைய பதிவுகள் வராது. அவை பழைய சர்வர் இருக்கும்வரை அங்கேயே இருக்கும். ஒருமுறை மாறினால், அடுத்த 30 நாளுக்கு மறுபடி மாற முடியாது. அதனால் கோபத்தில் முதலில் கண்ணில் பட்ட சர்வருக்குத் தாவாதீர்கள். நான்காம் படியைப் புதிய சர்வருக்கும் செய்துபாருங்கள்.

மாறி முடித்ததும் பழைய சர்வருக்குப் போட்டிருந்த சந்தாவை நீங்களேதான் ரத்து செய்ய வேண்டும். கணக்கு மாறியது பேட்ரியானுக்குத் தெரியாது.